இரண்டாம் தரம் கொடுத்த வீடுகள்

நகரசபைத் தேர்தல் நெருங்கினால்தான் எங்கள் ஊர்க் கிளாக்கர்மாருக்கு என் ஞாபகம் வரும். மற்றக் காலத்தில் நான் உயிரோடு இருக்கிறேனா என்றுகூடக் கேட்கமாட்டார்கள். போன கிழமை, சட்டத்தரணிகளின் கந்தோர்களில் வேலை பார்க்கும் பிள்ளைகள் நாலு பேர் வந்து கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். தங்கள் சங்கத்து மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம். எந்த வேட்பாளர் வெல்லுவார் என்று வாக்குப் பெட்டி திறக்கமுதலே நான் சொல்லிவிடுவேனாம். அந்த வித்தையை எழுதித் தரவேண்டுமாம்.

அவர்களும் கணக்குப் பார்க்கத்தான் செய்கிறார்கள். யாருக்கு எத்தனை ஒலிபெருக்கி, எத்தனை கார், கொழும்பிலிருந்து எவ்வளவு காசு வந்தது என்றெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தார்கள். வட்டாரத்துக்குள்ளே எத்தனை வீடு தேர்தலுக்குக் கொடை கொடுத்தது என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

நான் இவ்வளவு காலமும் சொல்லிப் பெயர் வாங்கிய கணக்கு இதுதான். எவ்வளவு சேர்ந்தது என்று பார்க்காதே. அந்த வட்டாரத்தில் வாக்கு உள்ள வீடுகள் எத்தனை கொடுத்தன என்று பார். அதிலும் இரண்டாம் தரம் கொடுத்த வீடுகள் எத்தனை என்று பார். முதல் தரம் கொடுப்பது முகத்துக்காக. வாசலில் வந்து நிற்கிறவனை வெறுங்கையோடு அனுப்ப யாருக்கும் மனம் வராது. இரண்டாம் தரமும் கொடுத்த வீடு எங்கள் வீடு. அந்த வீட்டு வாக்கு மழை பெய்தாலும் வந்து சேரும்.

இந்தக் கணக்கு ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. 'தம்பிராசாக் கிளாக்கரின் கணக்கு' என்று ஊரே சொல்கிறது. நானும் சொல்ல விட்டேன். ஆனால் கணக்கு என்னுடையதில்லை. அது ஹனிபாவுடையது.

கனகசபைப் பிரக்கிராசியாரின் கந்தோரில் என்னைச் சேர்த்துக்கொண்டது என் கையெழுத்துக்காக. பிரக்கிராசி என்ற சொல் இப்போது வழக்கொழிந்துவிட்டது. காணி உறுதி எழுதி, வழக்கும் பார்க்கிற சட்டத்தரணியை அப்படித்தான் சொல்வோம். நான் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவன். என் எழுத்து அச்சுப்போல இருக்கும். முதல் மூன்று வருஷம் உறுதிகளைப் பிரதி எடுத்தேன், அவ்வளவுதான். அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை.

கனகசபை ஐயாவின் விதத்தைப் பற்றி எழுத நிறைய உண்டு. அவர் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. நாங்கள் எழுதிக் கொண்டுபோய் வைத்த கடுதாசியில் பிழை இருந்தால் ஒரு விரலால் அதை மேசை விளிம்புவரை தள்ளிவிடுவார். எங்கே பிழை என்று சொல்லமாட்டார். நாங்களே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். சரியாக இருந்தால் அதே விரலால் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். அந்த இழுப்புக்காகத்தான் நான் காலையில் எழும்பி வேலைக்குப் போனேன் என்று சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். நாலாம் வருஷத்தில் அவர் என் பிரதிகளைப் படித்துப் பார்ப்பதையே விட்டுவிட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "உம்மட கண்ணை நம்பித்தான் போடுறன்" என்பார். அதைவிடப் பெரிய சம்பளம் எனக்குத் தேவைப்படவில்லை.

பிறகு ஹனிபா வந்தார்.

குறிஞ்சாக்கேணிக்காரர். என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவு. என்னை 'அண்ணன்' என்றுதான் கூப்பிடுவார். மூதூர், கிண்ணியாப் பக்கத்தில் எங்களிடம் வழக்குக் கொடுத்த கட்சிக்காரரிடம் போய்க் கையெழுத்து வாங்கவும், வயல் எல்லை பார்க்கவும் ஒரு ஆள் தேவைப்பட்டதால் ஐயா அவரை எடுத்தார். தமிழ் மட்டும் படித்தவர். இங்கிலீஷில் தன் பெயரை எழுதுவார், அதற்கு மேல் ஏலாது. எழுத்தோ, கோழி நடந்தது போல. இவர் எனக்கு என்ன போட்டி என்று நான் ஏளனமாகத்தான் இருந்தேன்.

ஒரு மாதத்துக்குள் ஐயா அவருக்காகக் காத்திருக்கத் தொடங்கினார். வள்ளத்தால் இறங்கி ஹனிபா உள்ளே வந்தால், "என்ன கதை?" என்று கேட்பார். அவரும் நின்றபடியே மூதூர்ச் சந்தையில் என்ன பேசுகிறார்கள், எந்தக் காணிக்கு யார் கண் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லுவார். ஐயா சிரிப்பார். நான் பக்கத்து அறையில் உறுதி எழுதிக்கொண்டே அந்தச் சிரிப்பைக் கேட்பேன். ஐந்து வருஷத்தில் என்னால் அந்த மனிதரை ஒருதரம் சிரிக்க வைக்க முடிந்ததில்லை. பிறகு ஒருநாள் ஐயா அவருக்குக் கதிரை காட்டி இருக்கச் சொன்னார். நான் இன்னும் நின்றுகொண்டுதான் கடுதாசி கொடுத்தேன். பொறாமை என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அது நெஞ்சில் இருப்பதில்லை, வயிற்றில் இருக்கிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஜப்பான்காரன் வந்து துறைமுகத்தில் குண்டு போட்டான். அதை எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் எழுதப்போவதில்லை. எங்கள் வட்டாரம் கடற்கரையோடு ஒட்டினது. பாதிச் சனம் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடாவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. சிலர் மூதூரில், சிலர் குறிஞ்சாக்கேணியில், தூரத்துச் சொந்தம் உள்ளவர்கள் வெருகலில். எங்கள் வட்டாரத்து நகரசபை உறுப்பினரும் ஓடினார். அவர் திரும்பி வருகிற எண்ணத்திலேயே இல்லாததால் அந்த இடம் வெற்றிடமாகி, இடைத்தேர்தல் வந்தது.

ஐயா நின்றார். எதிராக நின்றவர் ஒரு கொந்தராத்துக்காரர். துறைமுகத்துக்கு ஆள் கொடுத்து, சாமான் கொடுத்து, யுத்தத்தில் நன்றாக வீங்கினவர். அந்தக் காலத்தில் இப்போதுபோலச் சீட்டில் புள்ளடிக் குறி போடுவதில்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறப் பெட்டி, விரும்பின பெட்டியில் சீட்டைப் போடவேண்டும். ஐயாவுக்குப் பச்சை. கொந்தராத்துக்காரருக்குச் சிவப்பு.

எங்கள் பெரிய கிளாக்கர் கந்தையர் அந்த வருஷக் கடைசியில் ஓய்வு பெறுவதாக இருந்தார். அவருடைய மேசை யன்னலோரம் இருந்தது. உறுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு அந்த மேசைக்கு உண்டு. அதில் இருக்கிறவரைத்தான் கட்சிக்காரர் 'ஐயா' என்று கூப்பிடுவார்கள். அந்த இடம் முறைப்படி எனக்கு வரவேண்டியது. ஆனால் தேர்தல் வேலையை முடித்துவிட்டுத்தான் அதைப்பற்றித் தீர்மானிப்பேன் என்று ஐயா சொல்லிவிட்டார். அவர் சொல்லும்போது எங்கள் இருவரையும் பார்த்தார். ஹனிபாவையும்.

கொடை சேர்க்கும் வேலையை முதலில் என்னிடம்தான் தந்தார். நான் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்கும் துறைமுகக் கந்தோர்களுக்கும் போனேன். இரண்டு கிழமையில் கொழுத்த பட்டியல் ஒன்று கொண்டுவந்தேன். கொழும்புக் கொம்பனிக்காரர், செட்டிமார், கொந்தராத்துக்காரரோடு கோபித்துக்கொண்ட வேறு கொந்தராத்துக்காரர் என்று பெரிய பெரிய பெயர்கள். தொகையைக் கூட்டி அடியில் இரட்டைக் கோடு போட்டு மேசையில் வைத்தேன். ஐயா ஒவ்வொரு பெயராக விரல் வைத்துக்கொண்டு போய், "இவைக்கு எங்கட வட்டாரத்தில வாக்கு இருக்கோ?" என்று கேட்டார். ஒருவருக்கும் இருக்கவில்லை. பட்டியல் விளிம்புக்குப் போனது.

ஹனிபா கொண்டுவந்தது ஒரு பழைய அப்பியாசக் கொப்பி. அதில் தொகையே இல்லை. ஒரு கொத்து அரிசி, அரைப் போத்தல் மண்ணெண்ணெய், இரண்டு தேங்காய், ஒரு கட்டுக் கயிறு. அரிசிக்கும் துணிக்கும் கூப்பன் இருந்த காலம் அது. ஒரு கொத்து அரிசி கொடுக்கிற வீடு ஒருநாள் பட்டினி கிடந்து கொடுக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் நேரே ஒரு கோடு. சில வீடுகளுக்கு இரண்டு கோடு. அது என்ன இரண்டாம் கோடு என்று ஐயா கேட்டார்.

"ஐயா, முதல் தரம் நான் கேட்டுக் குடுத்தவை. ரெண்டாம் தரம் நான் கேக்கேல்ல. பத்து நாள் கழிச்சுப் போய்ச் சும்மா கதைச்சுக்கொண்டு இருந்தனான். அவையா எடுத்து வந்து தந்தவை. அதுகளைத்தான் எங்கட வாக்கெண்டு எண்ணலாம்."

ஐயா கொப்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதோடு நில்லாமல் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். அப்படி அவர் என் கடுதாசி எதற்கும் செய்ததில்லை.

அன்றிலிருந்து கொடைக் கொப்பி ஹனிபாவின் பொறுப்பு. எனக்கு வேறு வேலை தரப்பட்டது. ஹனிபாவின் கோழிக் கிறுக்கலை ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் நல்ல புத்தகத்தில் எடுத்தெழுத வேண்டும். பெயர், வீடு இருக்கிற வளவு, என்ன கொடுத்தது, எத்தனையாம் தரம். எழுதும்போது ஒவ்வொரு பெயரையும் வாக்காளர் பெயரெல்லாம் பதிந்த இடாப்போடு ஒப்பிட்டு, அதில் உள்ள இலக்கத்தையும் பக்கத்தில் போடவேண்டும். வாக்கு உள்ளவர்கள் முன்பக்கங்களில். வாக்கு இல்லாதவர்கள் கொடுத்திருந்தால் கடைசிப் பக்கங்களில், 'வெளியார்' என்ற தலைப்பில். அந்தப் பக்கத்தை ஐயா பார்ப்பதே இல்லை. என் பெரிய பட்டியல் முழுவதும் அந்த வெளியார் பக்கத்தில்தான் கிடந்தது. அதை என் கையாலேயே எழுதினேன்.

இடாப்பு இங்கிலீஷில் இருந்தது. குண்டு விழுவதற்கு முன்னே தயாரித்தது. கந்தோரில் ஒரே பிரதி, அதை நான் அலுமாரியில் பூட்டி வைத்திருந்தேன். அதில் பிழைகளும் இருந்தன. நாலு தலைமுறையாக இருக்கிற குடும்பத்தின் பெயர் விடுபட்டிருக்கும், செத்தவரின் பெயர் இருக்கும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஹனிபா கேட்பார், "அண்ணன், இந்த ஆள் இருக்கோ பாருங்கோ." நான் பார்த்துச் சொல்லுவேன். நான் சொன்னதுதான் அவருக்கு இடாப்பு.

தேர்தலுக்கு மூன்று கிழமை இருக்கும்போது ஹனிபா குடாவைக் கடந்தார். ஓடிப்போன எங்கள் வட்டாரத்துச் சனத்தைத் தேடி மூதூரிலும் குறிஞ்சாக்கேணியிலும் அலைந்து, வெருகல்வரை இரண்டு சுற்றுப் போய்வந்தார். வந்தபோது காலில் கொப்புளம். கொப்பியில் நாற்பத்திரண்டு வீடு. எல்லாவற்றுக்கும் இரண்டு கோடு. இரண்டாம் தரம் கொடுத்தது எல்லாமே பச்சைத் துணி. கொடி கட்டுவதற்காக உடுத்திருந்த சீலையில் கிழித்துக் கொடுத்திருக்கிறார்கள். துணிக் கூப்பன் காலத்தில், ஊரைவிட்டுப் போய் அடுத்தவர் வீட்டுத் தாழ்வாரத்தில் கிடக்கிற சனம். அந்தத் துண்டுகளை ஹனிபா மேசையில் பரப்பியபோது ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அந்தத் துணிகளைக் கொளுத்தவேண்டும் போல இருந்தது.

அந்தச் சனிக்கிழமை நான் எடுத்தெழுத இருந்தேன். ஹனிபா வளவு என்ற இடத்தில், அவர்களைச் சந்தித்த இடத்தை எழுதியிருந்தார். பாக்கியம், மூதூர். சின்னத்தம்பி, வெருகல். இப்படியே நாற்பத்திரண்டும். அதுதான் என் கண்ணில் பட்டது. மூதூரான் எங்கள் வட்டாரத்தான் இல்லையே. எழுதியிருக்கிறபடி பார்த்தால் இவர்கள் வெளியார்தானே.

நான் கள்ளம் செய்யப்போகிறேன் என்று நினைத்துப் பேனாவை எடுக்கவில்லை. எழுதியிருக்கிறதை எழுதுகிறேன் என்றே நினைத்தேன். ஆனால் பாக்கியத்தை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வளவு. அவ அவித்த பிட்டைத் தின்று நான் பள்ளிக்கூடம் போனவன். இடாப்பில் அவ பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியும். இடாப்பைத் திறந்தேன், இருந்தது. சின்னத்தம்பியும் இருந்தார். ஒவ்வொன்றாக நாற்பத்திரண்டையும் பார்த்தேன். பிறகு இடாப்பை மூடி வைத்துவிட்டு, நாற்பத்திரண்டையும் 'வெளியார்' பக்கத்தில் எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக நான் எழுதினதில்லை.

துறைமுகத்துக்குள் வள்ளம் வரவேண்டுமென்றால் அப்போது பாஸ் வேண்டும். கடற்படைக்காரர் கண்ட வள்ளத்தையும் விடமாட்டார்கள். வாக்குப் போட வருகிறவர்களுக்குப் பாஸ் தருவதற்குச் சம்மதித்திருந்தார்கள். ஆனால் ஒரு கிழமைக்கு முன்னமே ஆளின் பெயரும் இடாப்பு இலக்கமும் கொடுக்கவேண்டும். விண்ணப்பம் எழுதும் நாளன்று ஐயா நல்ல புத்தகத்தைத் திறந்தார். முன்பக்கங்களைப் புரட்டினார். பிறகு இன்னொருதரம் புரட்டினார்.

"ஹனிபாவின்ர அக்கரை வீடுகள் எங்க?"

"வெளியார் பக்கத்தில எழுதியிருக்கிறன் ஐயா."

ஹனிபா கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். அவர்கள் எல்லாரும் எங்கள் வட்டாரத்து ஆட்கள்தான், குண்டுக்குப் பயந்து போனவர்கள், வீடு வீடாகத் தனக்குத் தெரியும் என்று தட்டுத் தடுமாறிச் சொன்னார். ஐயா அவரைக் கையமர்த்திவிட்டு என் பக்கம் திரும்பினார். மூதூர் என்று எழுதியிருந்ததால் அப்படிப் போட்டேன், இன்னொருமுறை பார்க்கிறேன் என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். ஒருவரும் என்னைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அந்த வழி எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"தம்பிராசா, இடாப்பில இருக்கினமோ?"

"பாத்தனான் ஐயா. இல்லை."

"ஒருத்தரும்?"

"ஒருத்தரும் இல்லை."

இடாப்பு என் கையில்தான் இருந்தது. ஐயா கை நீட்டியிருந்தால் கொடுத்திருப்பேன். அவர் நீட்டவில்லை. என் கண்ணை நம்பித்தானே கையெழுத்துப் போடுகிறவர். ஹனிபாவின் கொப்பியை எடுத்தார், ஒரு விரலால் மேசை விளிம்புக்குத் தள்ளினார். ஹனிபா அதைக் குனிந்து எடுத்துக்கொண்டார். அவர் முகத்தை நான் பார்த்தேன், மறைக்காமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு மத்தியானம் எனக்கு நன்றாகச் சோறு இறங்கியது.

அந்த வீடுகளுக்குப் பாஸ் கேட்கவில்லை. வாக்கு இல்லையாம், வரவேண்டாம் என்று சொல்ல ஹனிபா அக்கரைக்கு ஆளும் அனுப்பினார். அந்தச் சொல் போய்ச் சேர்ந்ததோ, சேர்ந்தும் அவர்கள் நம்பவில்லையோ தெரியாது.

தேர்தலன்று காலை நான் பள்ளிக்கூடத்து வாசலில் பச்சைப் பட்டி கட்டிக்கொண்டு நின்றேன். பத்து மணி இருக்கும். அக்கரையிலிருந்து மூன்று வள்ளம் வந்திருக்கிறது, காவல் படகு மறித்து நிறுத்தியிருக்கிறது என்று சனம் கடற்கரைக்கு ஓடியது. நானும் போனேன். ஜெற்றியில் நின்று பார்த்தால் தெரிகிற தூரத்தில் மூன்று வள்ளமும் நின்றன. பாயோடு சேர்த்துப் பச்சைத் துணித் துண்டுகள் கட்டியிருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. குடை இல்லாத பெண்கள் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு இருந்தார்கள்.

ஹனிபாவிடம் கந்தோர் வேலைக்கான பாஸ் இருந்தது. சின்னத் தோணி ஒன்றில் போய் அவர்களோடு பேசிவிட்டு வந்தார். ஜெற்றிக்கு வந்திருந்த ஐயா, என்ன சொன்னார்கள் என்று கேட்டார். தங்கள் பெயர் இடாப்பில் இல்லை என்பதை அவர்கள் ஏற்கவில்லையாம். போனமுறையும் போட்டவர்களாம். திரும்பிப் போகச் சொன்னதற்குப் பாக்கியம் மறுத்துவிட்டாவாம்.

"'வாக்கு இல்லாட்டி இல்லை. நாங்கள் வந்தனாங்கள் எண்டு ஐயாவுக்குத் தெரியட்டும். பெட்டி பூட்டுமட்டும் இதில நிப்பம்' எண்டு சொல்லுறா ஐயா."

நின்றார்கள். மாலை வாக்குச்சாவடி மூடும்வரை அந்த மூன்று வள்ளமும் அதே இடத்தில் நின்றன. நான் பள்ளிக்கூடத்து வாசலுக்குத் திரும்பிப் போய், வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். அப்போதாவது ஓடிப்போய் ஐயாவிடம் சொன்னாயா என்று இதை வாசிக்கிறவர்கள் கேட்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அந்த வள்ளங்களின் பெருமை முழுக்க ஹனிபாவுக்குப் போகும் என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் அதைத்தான் நினைத்தேன்.

இருபத்தாறு வாக்கால் ஐயா தோற்றார். மூன்று வள்ளத்திலும் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் சனம் இருந்தது.

அடுத்த நாள் ஐயா வழமையான நேரத்துக்குக் கந்தோருக்கு வந்தார். என்னைக் கூப்பிட்டு இடாப்பைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோய் வைத்தேன். போகச் சொல்லவில்லை, அதனால் நின்றேன். அவர் அதைத் திறக்கவில்லை. அதன் அட்டையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். வெளியே கட்சிக்காரர் வந்து காத்திருந்து போனார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும். கடைசியில், "ரெண்டாம் தரமும் குடுத்த சனம்" என்று மட்டும் சொன்னார், என்னிடம் இல்லை, தனக்குத் தானே. பிறகு இடாப்பை எடுத்து என் கையில் தந்தார்.

"அலுமாரியில வையும். இனி இது தேவையில்லை."

அவருக்குத் தெரிந்திருந்ததா? திறந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்பதற்காகத்தான் திறக்காமல் விட்டாரா? இத்தனை நாளும் ஒரு ஆளின் கண்ணை நம்பிக் கையெழுத்துப் போட்டவர், அதெல்லாம் பிழை என்று அறிய விரும்பவில்லையோ என்னவோ. அவர் காலமாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் எழுதிய ஒவ்வொரு பிரதியையும் வரி வரியாகப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார். நான் ஓய்வு பெற்ற பிறகும் சில இரவுகளில் அதை நினைத்தால் நித்திரை வராது.

கந்தையரின் மேசை எனக்கு வந்தது. போட்டிக்கு ஆளே இருக்கவில்லை. தேர்தல் முடிந்த மாதமே ஹனிபா வேலையை விட்டுவிட்டார். ஐயா மறித்தும் கேட்கவில்லை. தன் பிழையால்தான் ஐயா தோற்றார் என்றும், இனித் தன் கொப்பியை எவரும் நம்பத் தேவையில்லை என்றும் சொன்னாராம்.

போவதற்கு முன் யன்னலோரத்து மேசைக்கு வந்தார். நான் புதிதாக அதில் உட்கார்ந்து மை போத்தலை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நின்றார். அவரை இருக்கச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"அண்ணன், நான் இடாப்புத் தெரியாமல் அந்தச் சனத்துக்கு ஆசை காட்டிப்போட்டன். நீங்கள் மட்டும் அண்டைக்குப் பாத்துச் சொல்லாட்டி, வாக்கில்லாத ஆக்களுக்குப் பாஸ் கேட்டு ஐயாவைக் கோட்டுக் கூண்டில ஏத்தியிருப்பன். உங்கட கண்ணாலதான் அந்த மானமாவது தப்பிச்சது. நான் இதை மறக்கமாட்டன்."

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் "பரவாயில்லை" என்றேன்.

அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னேன். பிறகு கேள்விப்பட்டேன், அந்த நாற்பத்திரண்டு வீட்டுக்கும் அவர் நடந்து போய், ஒவ்வொரு வாசலிலும் நின்று மன்னிப்புக் கேட்டாராம். மூதூர், குறிஞ்சாக்கேணி, வெருகல் என்று ஒன்றரை மாதம். ஒருவர்கூட அவரைக் கோபிக்கவில்லையாம். பாக்கியம் அவரைத் தன் மகன் என்று சொல்லத் தொடங்கியது அதற்குப் பிறகுதானாம். நாலாவது வளவில் பிறந்து வளர்ந்த என்னை அவ ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அதைக் கேட்டபோதும் எனக்கு வெட்கம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. பெரிய கிளாக்கராக இருந்த அத்தனை வருஷமும், கணக்குக்குப் பெயர் வாங்கின அத்தனை தேர்தலிலும், அந்த மனிதர் மேல் எனக்கிருந்த பொறாமை ஒரு இம்மியும் குறையவில்லை. பிழை செய்தவன் நான். மன்னிப்புக் கேட்டு மனம் ஆறினவர் அவர். அதுவும் அவருக்கே கிடைத்தது.

ஹனிபா குறிஞ்சாக்கேணியில் சுகமாக இருக்கிறார். சங்கத்துப் பிள்ளைகள் இந்த மலரில் ஒன்றை அவருக்கும் அனுப்பவேண்டும், நான் கேட்கிற ஒரே கூலி அதுதான். நேரே போய்ச் சொல்ல இரண்டுதரம் வெளிக்கிட்டேன், இரண்டுதரமும் துறையோடு திரும்பிவிட்டேன்.

நாற்பத்திரண்டு வீட்டுக்காரரும் இடாப்பில் இருந்தார்கள், ஹனிபா. ஒருவர் பெயரும் விடுபடவில்லை.